டிரைக்கோகிரம்மா ஸ்லைடு: ஹோயர்ஸா, கனடா பால்சமா?

போன ஐப்பசி மழையில், டிரைக்கோகிரம்மா என்கிற குட்டிக் குளவியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பதித்து வைத்த பழைய ஸ்லைடு பெட்டியைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஹோயர்ஸ் என்கிற, தண்ணீரில் கரையும் பிசின் கலவையில் பதித்த 40 ஸ்லைடுகளில் பதினொன்று வீணாகியிருந்தன. சிலவற்றில் மேலே மூடுகிற மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் ஓரமாகக் காற்று புகுந்திருந்தது, சிலவற்றில் குளவியின் வயிற்றுக்கு மேலேயே ஊசி ஊசியாகப் படிகம். ஒன்றில் கவர் ஸ்லிப்பே நகர்ந்து, கூடவே ஒரு இறக்கையையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதே பெட்டியில் பக்கத்து வரிசையில், கனடா பால்சம் என்கிற மரப்பிசினில் பதித்த ஸ்லைடுகள் அதைவிடப் பழையவை, வைத்தது வைத்தபடி இருந்தன. அதுவரை பாதி பால்சம் கட்சியாக இருந்தவன் அன்றைக்கு முழுசாக மாறிவிட்டேன். ஆகவே நடுநிலையான ஒப்பீட்டை இங்கே தேட வேண்டாம்.

கரும்பில் இடைக்கணுப்புழுவுக்குக் கட்டுகிற ஒட்டுண்ணி அட்டையிலிருந்து வெளிவருமே, அந்தக் குளவிதான் டிரைக்கோகிரம்மா. நீளம் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். பாதத்தில் மூன்றே கணுக்கள் இருந்தால் டிரைக்கோகிரம்மாட்டிடே குடும்பம், அதுவரை ஸ்லைடு சமாச்சாரமே வேண்டாம், நல்ல ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் போதும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். டிரைக்கோகிரம்மாவுக்கு டிரைக்கோகிரம்மடாய்டியா என்று ஒரு பங்காளி உண்டு, வெறும் கண்ணோட்டத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். டிரைக்கோகிரம்மாவில் ஆணின் உணர்கொம்பு நுனி கணுப் பிரியாமல் ஒரே நீளத் துண்டாக, சிலிர்த்து நிற்கிற நீண்ட மயிர்களோடு இருக்கும், பங்காளியின் ஆணில் அது தனித்தனிக் கணுக்களாகப் பிரிந்திருக்கும். பெண் மட்டும் கையில் இருந்தால் முன் இறக்கையைப் பாருங்கள். நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழே, பின்னோக்கிச் சாய்ந்து ஓடுகிற ஒரு குட்டி மயிர் வரிசை டிரைக்கோகிரம்மாவில் இருக்கும், மற்றதில் இருக்காது. ஆர்எஸ்1 என்பது அந்த வரிசையின் பெயர். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், குளிரில் வளர்ந்தால் அதே இனம் கறுத்துப் பிறக்கும்.

அந்த மயிர் வரிசையைப் பார்க்கத்தான் ஸ்லைடு, அதைப் பதிக்கத்தான் இந்த இரண்டு கலவைகள்.

ஹோயர்ஸின் வசதி உண்மையிலேயே பெரிய வசதி. கருவேலம் பிசின், குளோரல் ஹைட்ரேட், கிளிசரின், காய்ச்சி வடித்த நீர், அவ்வளவுதான் சேர்மானம். ஆல்கஹாலில் இருந்து குளவியை எடுத்து நேராக ஒரு சொட்டில் போட்டு மூடி, இளஞ்சூட்டில் வைத்தால், கலவையே உடம்பின் உள்சதையைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். மறுநாள் காலையில் பார்க்கலாம். ஒளிவிலகல் எண்ணும் பால்சத்தைவிடக் குறைவு என்பதால் மெல்லிய மயிர்கள் பளிச்சென்று தெரியும், இதில் பால்சம் தோற்றுப்போகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். படுத்த விதம் பிடிக்கவில்லையா, தண்ணீரில் ஊறவைத்துக் குளவியை எடுத்துத் திரும்பவும் பதிக்கலாம்.

பால்சத்துக்குப் பொறுமை வேண்டும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளிவாக்கி, கழுவி, 70 சதவீதத்தில் தொடங்கி ஆல்கஹால் படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றி, கிராம்பு எண்ணெய்க்கு மாற்றி, அப்புறம்தான் பால்சம். அரை மில்லிமீட்டர் ஜீவனை இத்தனை கிண்ணம் மாற்றும்போது எங்கோ ஓரிடத்தில் அது காணாமல் போகும். நான் முதலில் செய்த பத்தில் நான்கு, ஸ்லைடு வரைக்கும் வந்து சேரவே இல்லை. காய்வதற்கும் வாரக்கணக்கில் ஆகும், கையெல்லாம் பல்வலி மருந்து வாசனை.

இவ்வளவு அவஸ்தை இருந்தும் ஏன் பால்சம்? பராமரிப்புதான் காரணம். ஹோயர்ஸ் தண்ணீரில் கரைவது, காற்றில் ஈரம் ஏறினால் இளகும், சித்திரை வெயிலில் காய்ந்தால் சுருங்கிப் படிகமாகும். அதனால் நன்றாக உலர்த்தி, ஓரத்தைச் சுற்றி சீல் வைத்து, படுக்கை வசத்தில் அடுக்கி, வருடம் ஒருமுறையாவது சீல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் நெயில் பாலிஷ் தடவினேன், விரிசல் விட்டது அதில்தான். தவறு என்னுடையது என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் ஒரு ஆய்வகத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்போது பத்து வருடம் கழித்து அந்த சீலை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

பத்து வருடம் கழித்து எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். இன்றைக்கு நாம் டிரைக்கோகிரம்மா சைலோனிஸ் என்று சொல்வதை இந்தியாவில் முன்பு ஆஸ்ட்ராலிகம் என்று எழுதினார்கள், பிறகு கன்ஃப்யூசம் என்றார்கள் (பெயரிலேயே குழப்பம்), அப்புறம்தான் சைலோனிஸ். இனத்தைப் பிரிப்பதற்கு நம்பகமான அடையாளம் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. பெங்களூரில் இருந்த நாகர்கட்டியும் நாகராஜாவும் 1971இல் தெரிந்த இனங்களையே அந்த உறுப்பை வைத்து மறுபடி விவரித்தார்கள். நாளைக்கு இன்னொருவர் பெயரை மாற்றினால், நான் ‘சைலோனிஸ்’ என்று எழுதி வைத்தது எந்தக் குளவி என்று சொல்ல அந்த ஸ்லைடைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆண்களோ வளர்ப்பில் எப்போதும் சிறுபான்மை, வுல்பாக்கியா பாக்டீரியா தொற்றிய சில வளர்ப்புகளில் ஆணே பிறக்காது. கிடைத்த ஒரு ஆணைக் கரைகிற பிசினில் போட மனம் வரவில்லை.

என் பால்சம் ஸ்லைடுகளில் மூத்ததற்கே வயது ஆறுதான், நூறு வருடம் தாண்டி நிற்பது அருங்காட்சியகங்களின் அனுபவம், என்னுடையது இல்லை. பால்சம் மஞ்சளாகும் என்பார்கள், என்னுடையதில் இதுவரை லேசான தேன் நிறம்தான்.

ஹோயர்ஸை அடியோடு விடவும் இல்லை. வளர்ப்பில் ஜப்பானிகம் என்கிற இன்னொரு டிரைக்கோகிரம்மா இனம் கலந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை பார்க்க இரண்டு ஆண்களை அதில்தான் போடுகிறேன், பார்த்து முடித்ததும் துடைத்து எறிந்துவிடுவேன். புதிதாக ஒரு வயலில் இருந்து குளவி ஒட்டிய பூச்சி முட்டைக்குவியல் வந்தால், அதில் முதலில் கிடைக்கிற மூன்று ஆண்களும் பால்சத்துக்கு.