ஆன்லைன் ஏபி வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: 1,450 டாலருக்கு நான் படித்த கெமிஸ்ட்ரி

ஒரு சாதாரண ஹெட்போன் வாங்குவதற்கே நாற்பது ரிவ்யூ படிக்கிற ஆள் நான். ஆனால் மகளின் பதினோராம் வகுப்பு அறிவியல் பாடத்தை, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரப் படத்தை நம்பி ஒரு ஆன்லைன் அகாடமியிடம் ஒப்படைத்தேன். 1,450 டாலர் போனது. அது கூடப் பரவாயில்லை. ஒரு கல்வியாண்டு போனது. கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்கள் இந்த ஆகஸ்டிலும் இதே மாதிரி விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அகாடமியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. தவிர, பெயரைச் சொன்னால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதே மாதிரி நடக்கும் இன்னொரு இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஹைஸ்கூலில் படிக்கும்போதே கல்லூரி முதல் வருடத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் பொதுத் தேர்வை எழுதுவதுதான் ஏபி. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்து முடித்ததாகவே கணக்கு வைக்கின்றன. சில 4 கேட்கும், சில 5 கேட்கும், கால்டெக் மாதிரி சில இடங்களில் எவ்வளவு எடுத்தாலும் கிரெடிட் கிடையாது. கிரெடிட்டை விட நம் வீடுகளில் பெரிய பேச்சு டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலில், ஏபி என்று வருவதுதான். யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணைக் கணக்குப் போடும்போது ஏபி பாடத்துக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கும். அந்தப் புள்ளிக்காகத்தான் இத்தனை ஓட்டம்.

என் மகளின் பள்ளியிலேயே ஏபி கெமிஸ்ட்ரி இருந்தது. ஆனால் அந்த வகுப்பும் அவளுடைய ஆர்கெஸ்ட்ரா வகுப்பும் ஒரே பீரியடில் வந்தன. வயலினை விட மாட்டேன் என்றாள். அப்போதுதான் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுவில் அந்த விளம்பரம் வந்தது: முழு வருட ஏபி கெமிஸ்ட்ரி, ஆய்வகப் பயிற்சியுடன், தேர்வுப் பதிவு உட்பட, டிரான்ஸ்கிரிப்ட் தரப்படும், எங்கள் மாணவர்களில் 94 சதவீதம் பேர் 5 மதிப்பெண். நாடு முழுக்கப் பார்த்தால் ஏபி கெமிஸ்ட்ரியில் ஐந்தாறு பேருக்கு ஒருவர்தான் 5 எடுக்கிறார்கள். காலேஜ் போர்டு வருடாவருடம் வெளியிடும் கணக்கு அது, எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. நான் பார்க்கவில்லை.

போன் செய்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார். "சார், எங்க கோர்ஸ் ஏபி கோர்ஸ்தான் சார், ஸ்கூல்ல எடுத்தா எப்படியோ அதே மாதிரிதான். எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீங்க ரிலாக்ஸா இருங்க" என்றார். ஸெல் என்ற வங்கிப் பரிமாற்றத்தில் நேரடியாக அனுப்பினால் 100 டாலர் தள்ளுபடி என்றும் சொன்னார். அந்த 100 டாலரை மிச்சம் பிடித்ததுதான் நான் செய்த முதல் தவறு. கிரெடிட் கார்டாக இருந்தால் பின்னால் வங்கியிடம் முறையிட்டுத் தகராறு எழுப்பலாம். ஸெல்லில் நாமே மனமுவந்து அனுப்பிய பணம், ரொக்கத்தைக் கையில் கொடுத்த மாதிரி.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. வெளியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாளே, சுமை கூடும் என்று நினைத்து, பள்ளியில் அவள் எடுத்திருந்த ஃபிசிக்ஸ் வகுப்பை விட்டுவிடச் சொன்னேன். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் காரணம் சொன்னோமா? இல்லை. "ஷெட்யூல் மாற்றம்" என்று மட்டும் படிவத்தில் எழுதினோம்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். முதல் ஆசிரியர் நன்றாகவே நடத்தினார் என்று மகள் சொன்னாள். ஐந்தாவது வாரம் அவர் வரவில்லை. அடுத்து வந்தவர் ஸ்லைடைத் திறந்து வாசித்தார். டிசம்பரில் மூன்றாமவர், அவர் அப்போதுதான் கல்லூரி முடித்த பையன் போலிருந்தார், பாவம், கேள்வி கேட்டால் "அடுத்த கிளாஸில் சொல்கிறேன்" என்பார். அடுத்த கிளாஸில் அந்தப் பேச்சே வராது.

ஆய்வகப் பயிற்சி என்றது வீடியோ. யாரோ டைட்ரேஷன் செய்வதைப் பார்த்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஏபி கெமிஸ்ட்ரிக்கு காலேஜ் போர்டு வைத்திருக்கும் விதிப்படி வகுப்பு நேரத்தில் கால்பங்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டும், மாணவர்கள் தாங்களே செய்யும் சோதனைகள் குறைந்தது 16 இருக்க வேண்டும். கிரெடிட் தருவதற்கு முன் லேப் நோட்டைக் காட்டச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. கடையில் ஆசை ஆசையாக அவள் வாங்கி வந்த லேப் நோட்டில் முதல் பக்கத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு ஏன் உறைக்கவில்லை என்றால், மார்க் வந்துகொண்டே இருந்தது. 98, 100, 97. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, இந்தக் கிளாஸ் ரொம்ப ஈஸியா இருக்குப்பா. ஸ்கூல்ல ஏபி கெம் எடுக்கிற பசங்க எல்லாம் அழறாங்க." நான் சிரித்துக்கொண்டே, "அப்போ நீ கெட்டிக்காரின்னு அர்த்தம்" என்றேன். பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். ஈஸியாக இருக்கிறது என்று அவள் பெருமைப்படவில்லை, சந்தேகப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் புரிய மார்ச் வரை ஆனது.

டிசம்பர் முதல் வாரம், அலுவலக நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில், "எக்ஸாமுக்குப் பதிவு பண்ணியாச்சா? ஜாயின் கோட் போட்டாளா?" என்று கேட்டார். எனக்கு அது என்னவென்றே தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முறையான ஏபி வகுப்பில் வருடத் தொடக்கத்திலேயே ஆசிரியர் ஒரு குறியீடு தருவார். மாணவர் தன் காலேஜ் போர்டு கணக்கில் அதைப் போட்டால்தான் அந்த வகுப்பில் சேர்ந்ததாகக் கணக்கு. யூனிட் வாரியான பயிற்சித் தேர்வுகளும் அங்கேதான் திறக்கும். தேர்வுக்குப் பெயர் சேர்ப்பதும் அதே வழியில்தான். பள்ளிகள் தேர்வுத்தாள் ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் நடுவில். பல பள்ளிகள் தங்களுக்குள் அக்டோபரிலேயே கணக்கை முடித்துவிடும்.

அகாடமிக்குப் போன் செய்தேன். "சார், ரெஜிஸ்ட்ரேஷன்னா கைடன்ஸ் கொடுப்போம்னு அர்த்தம், எக்ஸாம் உங்க லோக்கல் ஸ்கூல்லதான் எழுதணும்" என்றார் அதே தமிழ்க் குரல். அதில் பாதி உண்மை. ஏபி தேர்வை எழுத வைப்பது பள்ளிகளின் கோஆர்டினேட்டர்கள்தான். மாணவர் நேரடியாக காலேஜ் போர்டிடம் பணம் கட்டி ஹால்டிக்கெட் வாங்குகிற ஏற்பாடே கிடையாது. அப்படியானால் "உட்பட" என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். டீமிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மகளின் பள்ளிக் கோஆர்டினேட்டர், ஆர்டர் முடிந்துவிட்டது, இனி சேர்க்க மாட்டோம் என்றார். சுற்றுவட்டாரத்தில் பதினோரு பள்ளிகளுக்குப் போன் செய்தேன். வெளி மாணவர்களை எடுப்பதில்லை என்றார்கள் சிலர். சிலர் எடுக்கவே இல்லை, போனைத்தான். கடைசியில் நாற்பது மைல் தள்ளி ஒரு தனியார் பள்ளியில் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். தேர்வுக் கட்டணம் 99 டாலர், தாமதத்துக்கு 40, அதற்கு மேல் பள்ளியின் சொந்தக் கட்டணம். தாமதக் கட்டணத்துடன் மார்ச் நடுப்பகுதி வரை ஆர்டர் கொடுக்க முடியும் என்பது அந்தப் பள்ளியின் கோஆர்டினேட்டர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதே நிலையில் யாராவது இருந்தால் டிசம்பரிலேயே மனம் தளர்ந்துவிடாதீர்கள், போன் செய்துகொண்டே இருங்கள்.

ஜனவரியில் கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. அவர் கோபப்படவில்லை, கணினியைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். ஏபி கோர்ஸ் லெட்ஜர் என்று காலேஜ் போர்டின் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு பள்ளி தன் பாடத்தை ஏபி என்று டிரான்ஸ்கிரிப்டில் போட வேண்டுமானால், அதன் ஆசிரியர் பாடத்திட்டத்தைத் தணிக்கைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கியவை மட்டும் அந்தந்த வருடப் பட்டியலில் வரும். எங்கள் அகாடமி அதில் இல்லை. அடுத்து யூசியின் ஏ-ஜி பட்டியல், கலிபோர்னியாவில் எந்தெந்த இடத்தின் எந்தெந்தப் பாடங்கள் யூசி சேர்க்கைக்குச் செல்லுபடியாகும் என்று காட்டுவது. அதிலும் இல்லை. கூடுதல் புள்ளியும் இல்லை. மூன்றாவதாக, வெளியில் எடுக்கும் பாடம் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் ஏற வேண்டுமானால் சேர்வதற்கு முன்பே அனுமதிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியின் விதி அது. நாங்கள் கொடுக்கவில்லை.

ஆக, ஏபி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகள். பாடத்துக்கு ஒப்புதல் தருவது காலேஜ் போர்டு. தேர்வுக்குப் பெயர் சேர்ப்பது ஏதாவது ஒரு பள்ளியின் கோஆர்டினேட்டர். மார்க்கை டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நம் பிள்ளையின் பள்ளி. இந்த மூன்றில் ஒன்று கூட அகாடமியின் கையில் இல்லை. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி எனக்கு விற்றுவிட்டார்கள்.

அவர்கள் தந்த டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்க வேண்டுமே. தங்க நிற முத்திரை, ஏ பிளஸ், கையெழுத்து. கவுன்சிலர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, காலேஜ் போர்டு இலவசமாகப் போட்டிருக்கும் பழைய வினாத்தாள் ஒன்றை அச்செடுத்து எழுத வைத்தேன். விரிவான விடைப் பகுதி மட்டும், ஏழு கேள்விகள், 105 நிமிடம், மொத்தம் 46 புள்ளி. விடைக் குறிப்பை வைத்துத் திருத்தினால் 11. பாடத்திட்டத்தில் ஒன்பது யூனிட். அகாடமியில் அப்போது ஆறாவது யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. ஈக்விலிப்ரியம், அமிலம்-காரம், எலக்ட்ரோகெமிஸ்ட்ரி மூன்றும் மிச்சம். தேர்வுக்கு ஏழு வாரம். தாளைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை, அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலையில் வந்து, "அப்பா, அந்தக் கிளாஸை நிறுத்திடலாமா? நானே படிக்கிறேன்" என்றாள். நிறுத்தினோம். யூடியூபில் காலேஜ் போர்டே போட்டிருக்கும் ஏபி டெய்லி வீடியோக்கள், கான் அகாடமி, பழைய வினாத்தாள்கள். செலவு பூஜ்யம். ஆறு மாதத்தில் அகாடமியில் கற்றதை விட அந்த ஏழு வாரத்தில் அதிகம் கற்றாள் என்பது அவளுடைய கணக்கு.

ஜூலையில் மதிப்பெண் வந்தது. 2. சும்மா சொல்லக் கூடாது, மார்ச்சில் இருந்த நிலைக்கு 2 என்பதே அவள் உழைப்புதான். பெரும்பாலான கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது எந்த ஏபி மதிப்பெண்ணைக் காட்டுவது என்பது மாணவர் விருப்பம், ஆகவே இது அவளுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பதினோராம் வகுப்பு டிரான்ஸ்கிரிப்டில் அறிவியல் என்ற இடம் காலி. யூசி கேட்பது குறைந்தது இரண்டு வருட அறிவியல். அது ஒன்பதிலும் பத்திலும் முடிந்துவிட்டது. மூன்று வருடம் இருந்தால் நல்லது என்பது அவர்களே சொல்வது. அதை ஈடுகட்ட இந்தக் கோடையில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரி) ஃபிசிக்ஸ் எடுத்தாள், கவுன்சிலரிடம் முன்அனுமதி வாங்கிக்கொண்டு. ஹைஸ்கூல் மாணவர்களுக்கு அங்கே பெரும்பாலும் பாடக் கட்டணமே வாங்குவதில்லை. யூசி தன் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக ஏற்கும் பாடமாகப் பார்த்து எடுத்தால் ஏபிக்குக் கிடைக்கும் அதே கூடுதல் புள்ளி இதற்கும் உண்டு. இந்த வழி முதலிலேயே இருந்தது. யாரும் வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்யாததால் என் கண்ணில் படவில்லை.

பணத்தைக் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒப்பந்தத்தில் 14 நாளுக்குப் பிறகு திருப்பித் தருவதில்லை என்று இருக்கிறது என்றார்கள்; இருக்கிறதுதான், நான்காம் பக்கத்தில். பிறகு விளம்பரப் படத்தையும் "தேர்வுப் பதிவு உட்பட" என்ற வரியையும் இணைத்து, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவேன் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். பத்து நாளில் 400 டாலர் வந்தது, நல்லெண்ண அடிப்படையில் என்று ஒரு குறிப்போடு. மீதிக்குப் போராடவில்லை. நிறுவனத்தின் பதிவு வேறு மாநிலத்தில் இருக்கிறது, அலையத் தெம்பில்லை.

அந்த விளம்பரத்தைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் 400-ஐயாவது மீட்டது. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். சேரும் முன் லெட்ஜரில் அந்த இடத்தின் பெயரைத் தேடுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். வெறும் டியூஷன் என்று சொல்லி விற்கும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் தருவதாகச் சொல்வதில்லை.

போன வாரம் அதே விளம்பரம் குழுவில் மறுபடி வந்தது. கட்டணம் 1,650 ஆகியிருக்கிறது. 94 சதவீதம் 96 ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். குழுவில் வியாபார விவாதம் வேண்டாம் என்று அட்மின் என் செய்தியை நீக்கிவிட்டார். விளம்பரம் அப்படியே இருக்கிறது. நீக்குவதற்குள் படித்துவிட்ட ஒரு சகோதரி தனியே கேட்டிருந்தார்: "அண்ணா, அவங்க பயாலஜி கோர்ஸாவது நல்லா இருக்குமா? நேத்துதான் ஸெல் பண்ணேன்." 14 நாள் இன்னும் முடியவில்லை, இன்றைக்கே எழுதிக் கேளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.