சைக்கோபிஜி 3: ஒரு மாசம் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

பைத்தான்ல எழுதின ஸ்க்ரிப்ட் ஒரு பதினஞ்சு இருபது என் தலையில இருக்கு, எல்லாமே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கூட பேசுறது, எல்லாமே அதுக்கான பைத்தான் லைப்ரரி சைக்கோபிஜி2 (psycopg2) மேல. ஓடுதுல்ல, எதுக்கு நோண்டணும்னு விட்டு வெச்சிருந்தேன். போன மாசம் புது சர்வர்ல பிப் இன்ஸ்டால் அடிச்சா பில்ட் பண்ணத் தேவையான பிஜி கான்பிக் (pg_config) டூலைக் காணோம்னு பழைய பல்லவியைப் பாட ஆரம்பிச்சுது. பைனரின்னு முடியுற பேக்கேஜ் போட்டா தீந்துடும்னு தெரியும், இருந்தாலும் வந்தது வந்தோம் 3க்கே போயிடுவோம்னு இறங்கிட்டேன்.

முதல் குழப்பமே பேர்லதான். பேக்கேஜ் பேர்ல 3 கிடையாது, வெறும் சைக்கோபிஜி, இம்போர்ட்டும் அப்படியே. 3.0 வந்தது 2021 அக்டோபர்ல, ஜாங்கோங்கிற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கே 2023ல வந்த 4.2ல இருந்து இதை ஏத்துக்குது, அதனால புதுசாச்சேன்னு பயப்பட ஒண்ணும் இல்ல.

நான் அடி வாங்கினது எஸ்க்யூஎல்ல இன் (IN) போட்ட குவரில. ஐடி எல்லாம் ஒரு டப்பிள்ல வெச்சு, இன் பக்கத்துல மதிப்பு வர வேண்டிய இடத்துக்கு பர்சன்ட் எஸ் (%s) போட்டு அனுப்புறது என் பல வருஷப் பழக்கம். 3ல ஓட்டின உடனே டாலர் 1 ($1) கிட்ட சின்டாக்ஸ் எரர்னு வந்து நிக்குது. நான் எங்கடா டாலர் போட்டேன்னு அரை மணி நேரம் கோடையே மொறச்சுப் பாத்துட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா பழசு நம்ம மதிப்பை எல்லாம் அதுவே எஸ்கேப் பண்ணி குவரிக்குள்ள ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்கா அனுப்பிடும், புதுசு குவரியைத் தனியா மதிப்பைத் தனியா அனுப்பும், சேக்குறது சர்வர் வேலை, அந்த டாலர் 1 அங்க வர்றதுதான். இன்னை எடுத்துட்டு ஈக்குவல் எனின்னு (= ANY(%s)) மாத்தி, டப்பிளுக்குப் பதிலா லிஸ்ட் குடுத்தா ஓடிடும். நேர மண்டலத்தை மாத்துற செட் டைம்சோன்லயும் (SET TIMEZONE) இதே காரணத்தால பாராமீட்டர் வைக்க முடியாது, செட் கான்பிக் (set_config) பங்ஷனை செலக்ட் போட்டுக் கூப்பிடணும்.

அடுத்தது பைத்தானோட வித் (with). பழசுல வித் பிளாக் முடிஞ்சா கமிட் மட்டும்தான், கனெக்ஷன் தொறந்தே கெடக்கும். இதுல கமிட் பண்ணி கதவையும் சாத்திடும். என் லூப் ரெண்டாவது சுத்துலயே படுத்துடுச்சு. நியாயமா பாத்தா புதுசு பண்றதுதான் சரி, ஃபைல் தொறக்குற வித்தும் அப்படித்தானே. கனெக்ஷனை வெளிய வெச்சுட்டு உள்ள ட்ரான்சாக்ஷன் பிளாக் போட்டுக்கிட்டேன்.

இவ்வளவும் பொறுத்துக்கலாம், டேட்டாவை மொத்தமா ஏத்துற காப்பி (COPY) ஒண்ணுக்காகவே. முன்னாடி ஸ்ட்ரிங் ஐஓவுல சிஎஸ்வி மாதிரி ஜோடிச்சு, கமா எங்க, கோட் எங்கன்னு பயந்து பயந்து அனுப்பணும். இப்ப ரைட் ரோ (write_row) பங்ஷனுக்கு ஒரு டப்பிள், அவ்வளவுதான். பெரிய டேபிள் ஒண்ணு ஏத்த விட்டுட்டு டீ குடிக்க எந்திரிச்சேன், சேரைத் தள்ளி வைக்கிறதுக்குள்ள முடிஞ்சுது. அசிங்க் (async) வசதியும் இருக்கு, எனக்குத் தேவைப்படல.

நடுவுல கனெக்ஷனைப் பகிர்ந்து குடுக்குற பிஜிபவுன்சரோட (PgBouncer) பழைய வெர்ஷனை ட்ரான்சாக்ஷன் மோட்ல வெச்சிருக்கீங்கன்னா ஜாக்கிரதை. ஒரே குவரி அஞ்சு தடவைக்கு மேல போனா சைக்கோபிஜி 3 தானாவே அதை சர்வர்ல முன்கூட்டியே பிரிப்பேர் பண்ணி வைக்க ஆரம்பிச்சிடும், பிரிப்பேர் த்ரெஷோல்டை (prepare_threshold) None-னு வெச்சு அணைச்சுடுங்க.

எல்ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ், காசு கிடையாது, கம்பெனி ப்ராஜெக்ட்லயும் தாராளமா போடலாம். என்கிட்ட மூணு ஸ்க்ரிப்ட் இன்னும் 2லயேதான் ஓடுது, பேர் வேறங்கிறதால ரெண்டும் ஒரே என்விரான்மென்ட்ல சண்டை போடாம கெடக்கு.