கேமிங் லேப்டாப்பா, அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பா?

வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் கேம் நடுவில் பட்டென்று அணைந்து தானாகவே திரும்ப ஆன் ஆக ஆரம்பித்ததும், இனி புதுசுதான் என்று முடிவாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் லேப்டாப் பக்கம். நான் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தூக்கிக்கொண்டு போகலாம், கரண்ட் போனாலும் கவலையில்லை என்பதெல்லாம் லேப்டாப்பின் பலம். டெஸ்க்டாப் என்றால் மேஜை, மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் தனித்தனியாக வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவர்கள், வேலைக்காக அடிக்கடி ஊர் மாறுபவர்கள் யோசிக்கவே வேண்டாம், லேப்டாப் வாங்குங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-ல் 12 ஜிபி மெமரி, அதே பெயரில் வரும் லேப்டாப் 4070-ல் 8 ஜிபிதான். லேப்டாப் 4060-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு பவர் கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் விருப்பம், அதனால் ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்புகளின் வேகம் ஒன்றாக இருக்காது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேகம் இல்லை. கெட்டுப்போனால் எந்தப் பாகம் கெட்டது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான். பழைய கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று வந்தது. அது சரியாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்று மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நாள் முழுக்க பிரவுசர் ஓடினால் ஒன்றுமில்லை, கேம் தொடங்கி கிராபிக்ஸ் கார்டு பவர் இழுக்க ஆரம்பித்தால்தான் அணைகிறது. சூடு பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன், ரேமில் ஒரு பிழையும் இல்லை. அப்புறம் நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லாப் பாகங்களுக்கும் பவர் கொடுக்கும் பெட்டி) இரவல் வாங்கி மாட்டியதும் சாயங்காலம் முழுக்க அணையவே இல்லை. ஆக, போனது எஸ்எம்பிஎஸ். புதிதாக ஒன்று போட்டதும் அது சரியாகிவிட்டது, ஆனால் கேமுக்கு அதன் பிராசசர் போதாது. விண்டோஸ் 11-ம் அதில் ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. லினக்ஸ் போட்டு அண்ணன் மகள் படிப்பதற்குக் கொடுத்துவிட்டோம்.

இதே கோளாறு லேப்டாப்பில் வந்திருந்தால் அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம், ரேமும் எஸ்எஸ்டியும் கழற்றும்படி இருந்தால் அதையும் பார்க்கலாம், அதோடு சரி. பிராசசர், கிராபிக்ஸ் சிப், பவர் கொடுக்கும் பகுதி எல்லாம் ஒரே போர்டில் சால்டர் செய்தவை. வாரன்டி முடிந்த பிறகு போர்டு போனால் பெரும்பாலும் மொத்தமாக மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவைக் கேட்டாலே புதுசு வாங்கலாம் என்று தோன்றிவிடும். கேமிங் லேப்டாப்பை நான் சொந்தமாக வருஷக்கணக்கில் வைத்து ஓட்டியதில்லை, நண்பர்களுடையதைத் திறந்து தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாற்றிக் கொடுத்த அனுபவம்தான். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்து காற்றையே அடைத்திருந்தது. ஏசி இல்லாத அறையில் மே மாதம் விளையாடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பாகம் பாகமாக மாற்றலாம் என்பது ரிப்பேருக்கு மட்டுமல்ல. 2017-ல் ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து, 2024-ல் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். பழைய பிராசசரைத் தனியாக விற்றுக் கொஞ்சம் பணமும் எடுக்கலாம்.

டெஸ்க்டாப் கிராஷே ஆகாது என்று சொல்ல மாட்டேன். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசசர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் பழுதாகி கேம்கள் கிராஷ் ஆன கதை ஊரறிந்தது. 2024 ஆகஸ்டில் அதற்கு மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் சின்ன மென்பொருள்) திருத்தம் வந்தது, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, அதனால் அவற்றை செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் கவனம். அப்புறம் வாரன்டி: லேப்டாப்புக்கு ஒரே சர்வீஸ் சென்டர், சில கம்பெனிகள் வீட்டுக்கே ஆள் அனுப்பும். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி அலைச்சல். மானிட்டர், யுபிஎஸ் சேர்த்தால் விலையிலும் பெரிய லாபம் கிடையாது, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிக்கிடக்கிறது.

சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பட்ஜெட்டுக்குள் கொண்டுவர கடைக்காரர் முதலில் கைவைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். ரேமை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள், பிறகு சேர்க்கலாம். எஸ்எம்பிஎஸ் மட்டும் நல்ல கம்பெனியுடையதாக, 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காது என்று காட்டும் தரச்சான்று) ஆவது இருக்கட்டும்.