ராவென்னாவில் ஒரே நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் படங்களுக்குப் பேர்போன இத்தாலிய ஊர் ராவென்னா. இங்கே யுனெஸ்கோ 1996இல் பட்டியலில் சேர்த்த பழைய கட்டடங்கள் எட்டு. எட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பார்த்தும் விடுகிறார்கள். ஆனால் நாலாவதுக்கு மேல் கழுத்து வலி ஆரம்பித்து, தங்கமும் நீலமும் ஒன்றோடொன்று குழம்பி, எந்த அப்போஸ்தலரை எங்கே பார்த்தோம் என்று ராத்திரி ஃபோனைத் துழாவினாலும் பிடிபடாது. என் கட்சி, ஐந்து போதும் என்பது. எந்த ஐந்து என்பதில்தான் சண்டை.

முதலில் எங்கிருந்து போவது. போலோக்னாவில் தங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேரடி ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் முன்பின். புளோரன்ஸிலிருந்து என்றால் அதிவேக ரயிலில் போலோக்னா வந்து வண்டி மாற வேண்டும், சமாளிக்கலாம். வெனிஸிலிருந்தும் வண்டி மாறித்தான் ஆக வேண்டும், போக மட்டும் மூன்று மணி நேரம் வரை இழுக்கும், அதைப் பகல் பயணம் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம்.

சரி, போட்டிக்கு வருவோம். கால்லா பிளாசிடியா கல்லறை மண்டபமும் சான் விட்டாலே தேவாலயமும் ஒரே வளாகத்தில், ஒரே கூட்டுச் சீட்டில் இருக்கின்றன. ஆகவே எதற்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. கால்லா பிளாசிடியா வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் வைத்துக் கட்டிய கிடங்கு மாதிரி இருக்கும், வேறு ஊராக இருந்தால் திரும்பியே பார்க்க மாட்டோம். ரோமப் பேரரசியின் பெயர்தான், ஆனால் அவர் 450இல் ரோமில் இறந்தார், இங்கே அடக்கம் செய்யப்படவில்லை என்றே ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். உள்ளே ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், அது வழியாகத் தேன் நிறத்தில் வெளிச்சம் கசியும், மேலே கருநீல வானத்தில் தங்க நட்சத்திரங்கள். வாசலுக்கு மேலே தாடி இல்லாத இளம் நல்லாயன், அதாவது மேய்ப்பராக இயேசு, ஒரு ஆட்டின் முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். எதிர்ச் சுவரில் எரியும் இரும்புச் சட்டத்தை நோக்கிச் சிலுவையோடு விரைந்து வருகிறார் ஒருவர், நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சி லாரன்ஸ் என்பது வழக்கமான விளக்கம். பக்கத்திலேயே திறந்து கிடக்கும் ஒரு அலமாரி, அதில் நான்கு நற்செய்தி நூல்களும் பெயரோடு. சிக்கல் என்னவென்றால், நேரம் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும், உள்ளே ஐந்து நிமிடம்தான். கண் இருட்டுக்குப் பழகவே இரண்டு நிமிடம் போய்விடும். அதனால் முதலில் இதற்கு நேரம் குறித்துக்கொண்டு, மீதியை அதற்கேற்ப அமையுங்கள்.

சான் விட்டாலேயில் யாரும் விரட்ட மாட்டார்கள். 547இல் அர்ப்பணிக்கப்பட்ட எண்கோணக் கோயில். யூலியானுஸ் அர்ஜென்தாரியுஸ் என்ற பணக்காரர் கொடுத்த 26,000 பொற்காசில் எழுந்தது. பலிபீடத்தின் இடப்பக்கம் பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் ஜஸ்டினியன், வலப்பக்கம் அவர் மனைவி தியோடோரா, இருவருமே இந்த ஊருக்கு வந்ததில்லை. ஜஸ்டினியன் படத்தை நிதானமாகப் பாருங்கள்: பேரரசர் தலைக்கு மேல் பெயர் இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆயர் மாக்ஸிமியானுஸின் தலைக்கு மேல் மட்டும் கொட்டை எழுத்தில் பெயர்! கோயிலை அர்ப்பணித்தவரே அவர்தான். தியோடோராவின் அங்கி ஓரத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகளைப் பூவேலையாகக் காட்டியிருக்கிறார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதே மூவர் பின்னால் சொல்லப்போகும் 'நுவோவோ' தேவாலயத்தில் ஆளுயரத்தில் வருவார்கள். தங்கச் சில்லு என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே தங்கத் தகடு. அதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் பதித்திருப்பதால் நீங்கள் இரண்டு அடி நகர்ந்தால் சுவரே மினுக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் இதெல்லாம் கிடைக்காது. அழகில் கால்லா பிளாசிடியா ஒரு படி மேல் என்பேன், ஆனால் உங்கள் நேரம் சான் விட்டாலேவுக்கு. நடுக் குவிமாடத்து ஓவியம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒட்டவைத்தது, அதைப் பார்க்காமலே வரலாம்.

திருமுழுக்கு (ஞானஸ்நான) மண்டபங்கள் இரண்டு. ஒன்று ஆயர் நெயோன் ஐந்தாம் நூற்றாண்டில் மொசைக் பதித்தது. மற்றது அதைப் பார்த்து ஆரியுஸ் பிரிவினர் கட்டியது, அதாவது இயேசு தந்தைக்குக் கீழ்ப்பட்டவரே, சமமானவர் அல்ல என்று நம்பிய, அப்போது இத்தாலியை ஆண்ட கோத் இனத்தவர். இரண்டிலும் கூரை நடுவில் இயேசுவின் திருமுழுக்கு, சுற்றி அப்போஸ்தலர்கள். நெயோன் மண்டபத்தில் சுவரும் அலங்காரமும் முழுசாக இருக்கின்றன. இன்னொன்றில் குவிமாடம் மட்டும்தான் மிச்சம், கூட்டுச் சீட்டிலும் சேராது. யோர்தான் நதியைத் தலையில் நண்டுக் கொடுக்கு முளைத்த கிழவராகக் காட்டியிருப்பது மட்டும் அங்கே வேடிக்கை. நெயோன் ஜெயிக்கிறார். பக்கத்திலேயே ஆயர் இல்ல அருங்காட்சியகமும் அதே சீட்டில் வரும். தெம்பு இருந்தால் மாக்ஸிமியானுஸின் யானைத் தந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வரலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பியாதினாவைத்தான் சொல்வார்கள், உள்ளே ஏதாவது வைத்து மடித்துத் தரும் தட்டை ரொட்டி. சைவக்காரர்கள் உள்ளே வைப்பதை மட்டும் கேட்டால் போதாது, மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், எண்ணெயில் பிசைந்தது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உண்மையான போட்டி ஒரே புனிதரின் பெயரில் உள்ள இரண்டு சான்ட் அப்பொல்லினாரேக்களுக்கு இடையில்தான். 'நுவோவோ' ஊருக்குள்ளே, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மற்றது ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி கிளாஸ்ஸேயில். நேரமில்லை என்று பலர் வெட்டுவது இந்த இரண்டாவதைத்தான், நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன்.

நுவோவோ கோத் மன்னர் தியோடோரிக்கின் அரண்மனைக் கோயில். ஒரு சுவரில் 26 மறைசாட்சிகள், எதிர்ச் சுவரில் 22 கன்னியர், அவர்களுக்கு முன்னால் பரிசோடு குனிந்து ஓடும் அந்த மூன்று ஞானிகள். நான் இங்கே நிறுத்தச் சொல்வது அரண்மனைப் படத்தின் கீழே. தியோடோரிக் காலம் முடிந்து பைசாந்தியர் கை ஓங்கியதும் தூண்களுக்கு நடுவே நின்ற ஆட்களைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் திரைச்சீலை பதித்துவிட்டார்கள். ஆனால் தூண்களின் மேல் நீண்டிருந்த கைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். வெள்ளைத் தூணில் ஆளில்லாமல் ஒரு கை, இன்னொன்றில் இன்னொன்று. மேல் வரிசையில் இயேசு வாழ்க்கையின் 26 காட்சிகள் இருக்கின்றன, வெறும் கண்ணுக்கு எட்டாது, சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

கிளாஸ்ஸேவில் கதை குறைவு. 549இல் அதே மாக்ஸிமியானுஸ் அர்ப்பணித்தது, பணமும் அதே யூலியானுஸ். பக்கச் சுவர்கள் மொட்டை, ஏனென்றால் சலவைக்கல்லை 1449இல் ரிமினியின் ஆட்சியாளர் சிகிஸ்மோந்தோ மலாதெஸ்தா பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். அதுவே ஒருவகையில் நல்லதாயிற்று, பார்வை நேராகப் பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள அந்தப் பச்சைக்குப் போகிறது. மரமும் புல்லும் பூவுமாக ஒரு வெளி, நடுவில் கைகளை உயர்த்திய புனிதர் அப்பொல்லினாரிஸ், இருபுறமுமாக மொத்தம் பன்னிரண்டு ஆடுகள். மேலே 99 நட்சத்திரங்களுக்கு நடுவே ரத்தினங்கள் பதித்த சிலுவை, அதன் மையத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் இயேசுவின் சின்ன முகம் ஒன்று. இது உருமாற்றக் காட்சி, அதாவது மலைமேல் சீடர்கள் முன் இயேசு ஒளிமயமாக மாறியது. மோசேயும் எலியாவும் மேகத்தில் இருக்கிறார்கள், பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் ஆடுகளாக! காலையிலிருந்து கூட்டத்தில் இடிபட்ட பிறகு இங்கே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார முடிவதே பெரிய விஷயம்.

ஊரின் இன்னொரு பக்கம் தியோடோரிக்கின் கல்லறை இருக்கிறது, ஒரே கல்லில் வெட்டிய கூரை, பொறியியல் பிடித்தவர்களுக்குச் சரி, மொசைக் கிடையாது. அதற்கும் கிளாஸ்ஸேவுக்கும் இடையில் கல்லறையைத் தயங்காமல் வெட்டுவேன்.

கிளாஸ்ஸேவுக்குத் தனிச் சீட்டு. ராவென்னா ரயில் நிலையத்திலிருந்து 4ஆம் எண் பேருந்து போகும், ரயிலில் என்றால் ஒரே ஸ்டேஷன். குளிர்காலத்தில் எல்லாம் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள், அப்போது கிளாஸ்ஸேவைக் காலையிலேயே முடித்துவிட்டு ஊருக்குள் வாருங்கள். வண்டிகள் அடிக்கடி இருக்காது. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் நேர அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு என்றால் கட்டாயம்.