தார்ப் பாலைவனத்துக்குச் சைக்கிளைத் தயார் செய்த பட்டறை

ஜெய்சல்மேரிலிருந்து பொக்ரான் வழியாகப் பிகானேர் வரை, சுமார் 330 கிலோமீட்டர். ஜனவரியில்தான் போகிறேன்; மே மாதம் அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும்.

அதற்காக மதுரை தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறையில் சைக்கிளை விட்டேன். போர்டுகூடக் கிடையாது. பட்டறைக்கார அண்ணன் முதலில் கேட்டது, "தண்ணியோட சேத்து பாரம் எவ்வளவு தம்பி?" 10 லிட்டர் என்றதும், அதுவே 10 கிலோ ஆச்சே என்று பின்சக்கரத்தை 36 கம்பி ரிம்மாக மாற்றினார். ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, சத்தம் கேட்டுக் கேட்டு இறுக்கினார். அந்த வேலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

தாரிலும் நம்மூர் சீமைக்கருவேலம் பரவிக் கிடக்கிறது, அதே முள். அதனால் 2 இன்ச் டயர், உள்ளே முள் தடுக்கும் பட்டை, ட்யூபில் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம். மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். செயினில் மண் ஒட்டாதபடி உலர்வகை ஆயில் போட்டார்.

பை மாட்டும் கேரியர் இங்கே கிடைக்காது, வெளியில் வாங்க வேண்டும். சொன்ன தேதிக்கு வண்டியும் வராது. ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போனால் நிதானமாகப் பேசுவார்.