420 வெள்ளிக்குத் தலைமைத்துவம்: ஜூன் விடுமுறை முகாம் எப்படி?

மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். ஜூன் விடுமுறையில் அவளை ஒரு தனியார் நிலையத்தின் நான்கு நாள் 'தலைமைத்துவம், வாழ்க்கைத் திறன்' முகாமுக்கு அனுப்பினோம். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கைச் சிங்கப்பூரில் பல இடங்களில் விற்கிறார்கள், விளம்பர வாசகம்கூட ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடகப் பகுதியை எடுத்த ஆசிரியர் அருமை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒரு சண்டையைக் கொடுத்தார்: ஒருத்தி இரவல் கொடுத்த கலர் பென்சிலை இன்னொருத்தி தொலைத்துவிட்டாள். சண்டை சூடு பிடித்ததும் நிறுத்தி, ஆளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். கத்தியவள் இப்போது தொலைத்தவள். மகள் வீட்டுக்கு வந்து தம்பியை வைத்து இதையே நடத்தினாள். அவன் தொலைத்தவன் வேடத்தை விட்டுத்தரவே இல்லை என்பது வேறு கதை. மொத்த முகாமில் இந்த ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலைப் பொழுது.

மற்றவை சுமார். ஸ்பகெட்டியும் மார்ஷ்மெல்லோவும் வைத்துக் கோபுரம் கட்டுவதைப் பள்ளியிலேயே செய்துவிட்டாளாம். சாப்பாடு பெட்டியில் வரும். சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆன்ட்டி வந்து மேசையைத் துடைப்பார். வாழ்க்கைத் திறன் முகாமில்! நம் பள்ளிகளில் 2016 இறுதியிலிருந்தே பிள்ளைகள் தினமும் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

எனக்கு எரிச்சலூட்டியது கடைசி நாள் மாதிரி நேர்காணல். பல உயர்நிலைப் பள்ளிகள் டிஎஸ்ஏ எனும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வில் பிள்ளைகளை நேரில் பார்த்துப் பேசும் அல்லவா, அதற்கான பயிற்சி. 'நீ தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்' என்ற கேள்விக்குப் பதில் எழுத ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் தோல்விகளே அச்சிட்டு இருந்தன: வலைப்பந்து இறுதியாட்டத்தில் தோற்றது, மேடையில் வசனம் மறந்தது, குழுத் திட்டத்தில் ஒருவர் ஒத்துழைக்காதது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்யவேண்டும். என் மகள் வலைப்பந்தைத் தொட்டதே இல்லை. அவளுடைய இணைப்பாட நடவடிக்கை இந்திய நடனம். நிஜமாக நடந்ததைச் சொல்லலாமா என்று கேட்டு, நிகழ்ச்சி நடுவே சலங்கை கழன்று விழுந்ததும் அழுதுகொண்டே மேடையை விட்டு ஓடியதைச் சொல்லியிருக்கிறாள். பயிற்சியாளர் கேட்டுவிட்டு, "இதில் தலைமைத்துவம் தெரியவில்லை" என்று வலைப்பந்தையே எழுதிக்கொடுத்துவிட்டார்.

டிஎஸ்ஏ 2004-இல் வந்தது. மதிப்பெண்ணில் மட்டும் அடங்காத திறமைகளையும் பார்க்கத்தான் அது. மூன்று விருப்பங்கள் வரை தரலாம், விண்ணப்பிக்கப் பணம் இல்லை. ஆனால் இங்கே எதை அளந்தாலும் அதற்கு ஒரு டியூஷன் முளைத்துவிடும். கல்வி அமைச்சு தன் பக்கம் நிறையவே குறைத்திருக்கிறது. தொடக்கநிலை 1, 2-க்கு 2019 முதல் தேர்வு இல்லை. அரையாண்டுத் தேர்வுகளையும் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். 2021 முதல், தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்ட பழைய மதிப்பெண் போய், ஒரு பாடத்தில் 90 அல்லது அதற்கு மேல் யார் எடுத்தாலும் ஒரே தரநிலை. இவ்வளவுக்கும் பிறகு, 2023 குடும்பச் செலவின ஆய்வின்படி துணைப்பாடத்துக்கு, அதாவது டியூஷனுக்கு, நாம் கொட்டிய பணம் ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்தாண்டுக்கு முன்னால் அது 1.4 பில்லியன். அமைச்சு காலி செய்துகொடுத்த நேரத்தை நிலையங்கள் நமக்கே திருப்பி விற்கின்றன. இப்போது குணத்துக்கும் விடைத்தாள் வந்துவிட்டது.

அண்ணன் மகன் உயர்நிலை மூன்றில் பள்ளி வழியாக உபின் தீவுக்கு ஐந்து நாள் போனான். முன்பின் தெரியாத வேறு பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே குழு. கயாக் படகு ஓட்டி, கூடாரத்தில் படுத்து, முகம் கறுத்து வந்தான். அவனிடம் ஒரு சான்றிதழைக்கூட நான் பார்க்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் அண்ணி வீட்டில் அவன்தான் தட்டு கழுவுகிறான். (இது எத்தனை நாளைக்கு என்று அண்ணி இன்னும் சந்தேகத்தோடுதான் இருக்கிறார்.)

சரி, யாருக்கு இந்த முகாம்? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையைப் பகலில் பாதுகாப்பாக விட ஓர் இடம் வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம். அழைத்து வருவது, நேரத்துக்கு முடிப்பது எல்லாம் ஒழுங்கு. கூச்ச சுபாவம் போகவேண்டும் என்று நினைப்பவர்கள், சமூக மன்ற நாடக வகுப்பை முதலில் விசாரித்துப் பாருங்கள். டிஎஸ்ஏ-வுக்காக என்றால் வேண்டாம். பத்துப் பிள்ளைகள் அதே வலைப்பந்துத் தோல்வியைச் சொன்னால் கேட்கும் ஆசிரியருக்குப் புரியாமலா போகும்?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். டிசம்பரில் 'இரண்டாம் நிலை' முகாமாம், முன்பதிவுக்குத் தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. அந்த நாடக ஆசிரியர் தனியாக வகுப்பு எடுக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.