காலிப்ரேஷன் செய்த பிறகும் நிறம் தப்பாகத் தெரிந்தால்: மானிட்டரில் எங்கே தேடுவது

கல்யாண ஆல்பம் டிசைனுக்காக சாதாரணத் திரையைவிட அதிக நிறங்கள் காட்டும் ஒரு வைடு காமட் மானிட்டரும், திரையின் நிறத்தை அளக்கும் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ கலரிமீட்டரும் பல வருடங்களாக என் மேசையில் இருக்கின்றன. காலிப்ரேஷனுக்கு, அதாவது திரையின் நிறத்தை அளந்து திருத்துவதற்கு, மென்பொருள் டிஸ்ப்ளேகால். அதன் உள்ளே அளவெடுப்பது கிரேம் கில் எழுதிய ஆர்கில் சிஎம்எஸ். இரண்டும் இலவசம். கருவியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘காலிப்ரேஷன் பண்ணியும் கலர் சரியில்லை’ என்று நண்பர்கள் கூப்பிட்டுக் காட்டிய சிஸ்டம்களிலும், அளந்ததில் தப்பு இருந்தது அபூர்வம். அளந்த பிறகு அந்தத் திருத்தம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கலரிமீட்டர் வேலை முடிந்ததும் கிடைக்கும் ஐசிசி கோப்பில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, சிவப்பு, பச்சை, நீலத்துக்கான திருத்த வளைவுகள். இவை கிராபிக்ஸ் கார்டில் ஏறுவதால் திரை முழுவதையும் பாதிக்கும். மற்றொன்று, ‘இந்த மானிட்டர் நிறத்தை இப்படித்தான் காட்டும்’ என்ற விவரம், அதாவது ப்ரொஃபைல். போட்டோஷாப், லைட்ரூம் போன்றவை அதைப் படித்து நிறத்தை மாற்றிக் காட்டும். டெஸ்க்டாப் படத்துக்கு அது பொதுவாகப் பொருட்டே இல்லை. ஆகவே டெஸ்க்டாப்பின் சாம்பல் நிறத்திலேயே சாயம் தெரிந்தால் வளைவு ஏறவில்லை என்று சந்தேகப்படலாம். டெஸ்க்டாப் சரியாக இருந்து போட்டோ பார்க்கும் மென்பொருளில் மட்டும் கோளாறு என்றால் ப்ரொஃபைலைப் பார்க்க வேண்டும்.

வளைவு காணாமல் போவது அடிக்கடி நடக்கும். ஸ்லீப்பிலிருந்து எழுந்தபோது, டிரைவர் அப்டேட் ஆனபோது, முழுத்திரையில் கேம் ஓடி முடிந்தபோது. டிஸ்ப்ளேகாலின் லோடர் பின்னணியில் ஓடினால் மறுபடி ஏற்றிவிடும். விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட் பகுதியிலும் காலிப்ரேஷனை ஏற்ற ஒரு டிக் பெட்டி உண்டு. இரண்டில் ஒன்று போதும். நைட் லைட்டை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். சாயங்காலமானதும் அது திரையை மஞ்சளாக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சரிசெய்த முகங்கள் காலையில் நீலம் பாய்ந்து நிற்கும். மானிட்டர் மெனுவில் உள்ள ஈகோ மோட், டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் சென்சார் எல்லாவற்றையும் அளப்பதற்கு முன்பே அணைக்க வேண்டும்.

கேபிள் மாற்றியதும் கறுப்பெல்லாம் வெளிறிப்போனால் கிராபிக்ஸ் கார்டு செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்சைப் பாருங்கள். கறுப்பு முதல் வெள்ளை வரை எச்டிஎம்ஐ வழியாக 0–255க்குப் பதில், டிவிக்கான குறுகிய 16–235 போய்க்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை அளந்தாலும் பயனில்லை.

போட்டோ பார்க்கும் மென்பொருளில் வெள்ளைப் பின்னணி திடீரென்று மஞ்சளாகத் தெரிவது இன்னொரு பழக்கமான தொல்லை. மானிட்டர் டிரைவரோடு வந்த பொதுவான ப்ரொஃபைல் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். சோதிக்கும் வழி எளிது: எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிற எல்லை) ப்ரொஃபைலைத் தற்காலிகமாக டிஃபால்ட் ஆக்கி, மென்பொருளை மூடித் திறங்கள். மஞ்சள் போய்விட்டால் பழைய ப்ரொஃபைலை நீக்கிவிட்டு மானிட்டரை அளந்து புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சில மென்பொருள்களுக்கு நிறங்களைப் பெரிய அட்டவணையாக வைத்திருக்கும் எல்யூடி வகை ப்ரொஃபைல் ஒத்துவராது என்பதால் நான் எளிய கணக்காக உள்ள மேட்ரிக்ஸ் வகையைத்தான் எடுக்கிறேன்.

பலரும் கவனிக்காத இடம் கலரிமீட்டருக்கான பேக்லைட் (திரையின் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு) தேர்வு. எல்லா எல்இடி திரையின் ஒளியும் ஒரே கலவை கிடையாது. வைடு காமட் திரையை சாதாரண வெள்ளை எல்இடி என்று சொல்லி அளந்தால் வெள்ளை லேசாகப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ போய் நிற்கும். சரிபார்ப்பு அறிக்கையோ டெல்டா ஈ (நிறப் பிழையின் அளவு) 1க்குக் கீழே என்று பச்சைக்கொடி காட்டும். தப்பாக அளந்த அதே கருவி, அதே தேர்வோடு தன்னையே சரிபார்த்துக்கொள்கிறது, வேறென்ன சொல்லும்? அறிக்கை நன்றாக இருந்தும் கண்ணுக்கு வெள்ளை உறுத்தினால் கண்ணை நம்புங்கள். கரெக்‌ஷன் பட்டியலில் உங்கள் பேனல் வகைக்கு உரியதைத் தேர்ந்தெடுத்து மறுபடி அளங்கள்.

வைடு காமட் திரையில் அரக்குப் பட்டு ஒரு நல்ல பரீட்சை. போட்டோஷாப்பில் ஆழ்ந்த அரக்காக, ஜரிகை தனியாகப் பிரிந்து தெரியும். ப்ரொஃபைலைப் படிக்காத ஒரு பிரிவியூவில் அதே படம் ரத்தச் சிவப்பாக ஒளிரும். மடிப்புகளின் நிழல் அடைத்துக்கொள்ளும். கஸ்டமர் அருகில் உட்கார்ந்து பார்க்கும்போது எந்த ஜன்னலில் காட்டுகிறோம் என்பது முக்கியம். போட்டோஷாப் காட்டுவதே சரி. ஃபயர்ஃபாக்ஸில் ப்ரொஃபைல் பதியாத படங்களுக்கும் நிற மேலாண்மை வேண்டுமானால் அதன் உள் அமைப்பான ஜிஎஃப்எக்ஸ் கலர் மேனேஜ்மென்ட் மோடை (gfx.color_management.mode) 1 ஆக்கலாம்.

‘ஆல்பம் இருட்டா வந்திருக்கு’ என்ற புகாருக்கு ஆல்பத்தை அச்சிடும் லேப்பைக் குறை சொல்வதற்கு முன் திரையின் பிரகாசத்தை அளந்து பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் ஒரு சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா அளவில் ஒளிர்வது சாதாரணம். அந்த வெளிச்சத்தில் பார்த்து முகத்தைக் குறைத்து வைத்தால் காகிதத்தில் இருட்டாகத்தான் வரும். நான் 100 கேண்டெலாவில் வைத்திருக்கிறேன். ஒயிட் பாயிண்ட் (வெள்ளையின் சாயல்) டி65, காமா (இடைப்பட்ட வெளிச்சம் ஏறும் விதம்) 2.2. டியூப் லைட் எரியும் அறைக்கு 120 வரை போகலாம். முதல் வாரம் திரை மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். அச்சிட்ட தாளைத் திரையோடு ஒப்பிடும்போது தாளின் மேல் போதிய வெளிச்சம் விழ வேண்டும். ஐஎஸ்ஓ 3664 தரத்தில் சாதாரணப் பார்வைக்கே 500 லக்ஸ், நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ்.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சொல்வேன்: எஸ்ஆர்ஜிபி மட்டும் காட்டும் நல்ல ஐபிஎஸ் பேனல் மானிட்டரும் ஒரு கலரிமீட்டரும் ஆல்பம் வேலைக்குத் தாராளமாகப் போதும். லேப்புக்குப் போகும் ஜேபெக் கோப்பு பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபிதான். அளப்பதற்கு அரைமணி முன்பே மானிட்டரைப் போட்டு வையுங்கள். அளந்து முடித்ததும் மெனுவில் உள்ள பிரைட்னஸ், ஆர்ஜிபி எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். யாராவது பட்டனைத் தட்டி ரீசெட் ஆனால் அந்த எண்கள் இல்லாமல் ப்ரொஃபைல் எதற்கும் உதவாது.